எழுத்தின் வன்மையும் இடத்தின் வன்மையும்

போர்ப் பாட்டாயின் வல்லினம் மிகும். தாலாட்டாயின் மெல்லினம் மிகும். இவ்விரண்டுக்கும் நடுவே ஆற்றொழுக்காய்ச் செல்லும் பாட்டில் இடையினம் மிகும். நம் இலக்கியக் கூட்டங்களில் இத்தீர்ப்பு ஒலிக்காத ஆண்டு இல்லை. சொற்பொழிவாளர் ஒரு பாடலை எடுத்துக்கொள்வார்; அதிலுள்ள க, ச, ட, த, ப, ற ஆகியவற்றை விரல்விட்டு எண்ணுவார்; 'இத்தனை வல்லெழுத்து! என்ன மிடுக்கு!' என்பார்; அவையும் கைதட்டும். இவ்வாறு எண்ணித் தீர்ப்புக் கூறும் திறனாய்வு முறை தவறானது என்பதே இக்கட்டுரையில் யாம் கூற முற்படுவது. அதனைக் கூறும் தகுதி எமக்கு ஒருவகையில் உண்டு. இத்தவற்றை அச்சிலேயே செய்தவர்களுள் யாமும் ஒருவர்.

தலைநகருக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஓர் ஆண்டு மலருக்குத் திருக்குறளின் ஓசைநயம் பற்றி எழுதினோம். 'கல்வி' அதிகாரத்தின் முதற்குறளை எடுத்துக்கொண்டோம். அதில் எழுத்துகள் 27. அவற்றுள் வல்லினம் 23. எஞ்சிய நான்கில் உயிர் ஒன்று, இடையினம் ஒன்று, மெல்லினம் இரண்டு. அலுவலகத்தில் பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்த்துப் பழகிய கை ஆதலின் இருமுறை கூட்டிப் பார்த்தோம், பிழையில்லை. 'வள்ளுவர் இங்கே பிரம்பேந்திய ஆசிரியராய் நிற்கின்றார். வல்லினம் ஒவ்வொன்றும் ஓர் அடி' என்று எழுதி முடித்தோம். மலர் வெளிவந்தது. நண்பர்கள் பாராட்டினர்.

வெளியீட்டு விழா முடிந்து சிற்றுண்டி வழங்கிக்கொண்டிருந்தபொழுது, நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றவர், மலரைக் கையில் மடித்துப் பிடித்தபடி எம்மிடம் வந்தார்.

"தம்பி, கூட்டல் சரியாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எண்ணியது எழுத்தையா, ஒலியையா?"

"இரண்டும் ஒன்றுதானே, ஐயா?"

"அப்படியானால் அந்தக் குறளிலுள்ள 'கசடற' என்னும் சொல்லை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்போம்."

சொன்னோம்.

"இன்னொரு முறை, மெதுவாக. எழுத்து நான்கும் வல்லினம். எத்தனை வல்லினம் உங்கள் வாயில் வல்லென்று மோதிற்று?"

முதலில் நின்ற ககரம் ஒன்றே மோதிற்று. சகரம் காற்றாய்க் கசிந்தது. டகரம் நாவின் வருடலாய்க் கழிந்தது. றகரம் உருண்டு ஓடியது. யாம் பதில் கூறவில்லை. அவரும் அதற்குமேல் ஒன்றும் கூறாது காப்பியை வாங்கிக்கொண்டு அப்பால் சென்றார். அப்பெரியவர் இன்று இல்லை. அவரிடம் அன்று கூறாத பதிலையே இப்பொழுது எழுதுகின்றோம் எனக் கொள்ளலாம்.

மேலை நாட்டு ஒலியியலார் ஒலிகளின் வன்மை மென்மைகளை வேறு வழியாக அணுகினர். ஆங்கிலத்தில் 'ஷீப்' என்பது செம்மறியாடு. 'ஷிப்' என்பது கப்பல். நம் காதுக்கு இது நெடில் குறில் வேறுபாடு. அவர்களோ, நீளம் மட்டும் அன்று. முன்னதில் நா மேலெழுந்து இறுகி நிற்கின்றது, பின்னதில் சற்றே தாழ்ந்து தளர்கின்றது என்றனர். முன்னதை இறுக்கவொலி என்றும் பின்னதை நெகிழ்வொலி என்றும் தமிழில் கூறலாம். மெய்யெழுத்துகளிலும் இவ்வேறுபாட்டைக் கண்டனர். 1952-இல் ரோமன் யாக்கப்சன், குன்னர் ஃபான்ட், மோரிஸ் ஹாலே ஆகிய மூவரும் சேர்ந்து வெளியிட்ட நூலில், உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் பகுத்தறிய உதவும் இரட்டைக் கூறுகள் சிலவற்றை வகுத்தனர். அவற்றுள் இறுக்கமும் நெகிழ்வும் ஓர் இணை. 1968-இல் சோம்ஸ்கியும் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்புப் பற்றி எழுதிய பெருநூலிலும் இவ்விணை இடம்பெற்றது.

ஆயினும், இறுகுவது எந்தத் தசை என்று கேட்டால் ஒருமித்த விடை கிடைப்பதில்லை. பீட்டர் லேடிஃபோகெட் என்னும் ஒலியியலறிஞர் 1975-இல் வெளியிட்ட பாடநூலில், ஆங்கில உயிர்களைப் பொறுத்தவரை இறுக்கம், நெகிழ்வு என்பவை சொல்லுக்குள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் இரு கூட்டங்களுக்கு இட்ட பெயர்களே என்ற கருத்தைக் கொண்டிருந்தார். நெகிழ்வுயிர் அழுத்தம் பெற்ற ஓரசைச் சொல்லின் இறுதியில் தனித்து நில்லாது. 'ஸீ' என்று கடலைக் குறிக்கும் சொல் உண்டு. 'ஸிட்' என்று உட்காரச் சொல்லும் சொல் உண்டு. பின்னதின் இகரத்தோடு நின்றுவிடும் சொல் இல்லை. அதாவது, ஒலியின் வகையை அறியத் தசையை நோக்குவதினும் அது நிற்கும் இடத்தை நோக்குவதே தெளிவு.

இதனைப் படித்தபோது எமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்றும், அவற்றுள் நெடில் 40, குறில் 'நொ', 'து' ஆகிய இரண்டே என்றும் பவணந்தியார் கணக்கிட்டார். குற்றெழுத்து ஐந்தும் தனித்துநின்று சொல்லாகி நிறைவதில்லை என்பது தொல்காப்பியர் கருத்து. நம் குறில் நெடில் மாத்திரையால் வேறுபட்டவை; ஆங்கிலத்து இறுக்கமும் நெகிழ்வும் அவ்வாறல்ல. இரண்டையும் ஒன்றெனக் கூறி, 'இதனை அன்றே சொன்னான் தமிழன்' என்று மார்தட்டுவது எம் நோக்கமன்று. அவ்வகைக் கட்டுரைகள் மலர்தோறும் போதிய அளவு வருகின்றன. எழுத்தை அது நிற்கும் இடத்தால் அறியும் பார்வை நம் இலக்கணத்தார்க்குப் புதிதன்று என்பதற்காகவே இதனை எடுத்துக்காட்டினோம்.

இனி வல்லினத்துக்கு வருவோம். 'பக்கம்', 'பங்கு', 'பகல்' ஆகிய மூன்றிலும் உள்ளது ஒரே ககரம். முதற்சொல்லில் அது இரட்டித்து, காற்றை ஒரு கணம் முழுவதும் அடைத்து, பின் வெடித்து வெளிப்படுகின்றது. இரண்டாவதில் மெல்லெழுத்தின் தோளில் சாய்ந்து, தொண்டை அதிர ஒலிக்கின்றது. மூன்றாவதில் இரண்டு உயிர்களுக்கு இடையே அகப்பட்டு, அடைப்பே இல்லாமல் நழுவுகின்றது. பேச்சில் சிலர் வாயில் அது ஏறத்தாழ ஹகரமாகவே ஆகிவிடுகின்றது. 'அச்சு, அஞ்சு, காசு' என்பனவற்றையும், 'கட்டு, கண்டு, கடல்' என்பனவற்றையும், 'பத்து, பந்து, பதில்' என்பனவற்றையும் இவ்வாறே ஒலித்துப் பார்க்கலாம். சொல்லின் முதலில் நின்றால் வன்மை, இரட்டித்தால் வன்மை, மெல்லொற்றை அடுத்தால் அதிர்வு, உயிர்களின் நடுவே தனித்து நின்றால் நெகிழ்வு. ஒரே எழுத்துக்கு இத்தனை வேடம். ஆனால் எவ்விடத்தில் எவ்வேடம் என்பதில் ஐயமில்லை. ஆதலின் தமிழுக்கு ஒரு ககரம் போதுமானதாயிற்று.

நெல்லைச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். அவர் காலத்துக்குப் பின் இதனை அறியாத மொழிநூலார் இல்லை. ஆனால் நம் திறனாய்வாளர் மட்டும் மொழிநூலாரின் அலமாரியைத் திறப்பதில்லை.

'அது பிற்கால உச்சரிப்பு. பழங்காலத்தில் வல்லினம் எங்கும் வல்லினமாகவே ஒலித்தது' என்று கூறுவாரும் உண்டு. தொல்காப்பியர் வல்லெழுத்தின் அதிர்வைப் பற்றித் தனியே பேசவில்லை என்பது உண்மையே. வல்லென்று இசைத்தலாலும் தலைவளியால் பிறத்தலாலும் வல்லெழுத்தாயிற்று என உரைகாரர் காரணம் காட்டினர். நன்னூலார் அதன் இடத்தை நெஞ்சு என்றார். தலையா, நெஞ்சா என்பதிலேயே வேறுபாடு உள்ளது! ஆயினும் நம் இலக்கணத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. பள்ளியில் பயின்ற எவரும் அதனை மறந்திருக்க இயலாது. 'வலி மிகும் இடங்கள்', 'வலி மிகா இடங்கள்' என்பதே அது. 'வேலை கொடு' என்றால் பணி தரச் சொல்வது. 'வேலைக் கொடு' என்றால் கையிலுள்ள வேலினைத் தரச் சொல்வது. எழுத்து அதே ககரம். முன்னதில் வலி மிகவில்லை; பின்னதில் மிகுந்தது. வல்லினத்தின் வலி மிகவும் கூடும், மிகாதிருக்கவும் கூடும் என்றால், அது எழுத்தோடு பிறந்த நிலையான குணம் அன்று என்பது போதருமன்றோ? செய்யுளுக்கெனக் கூறிய விகாரங்களிலும் முதல் இரண்டு வலித்தலும் மெலித்தலுமே. 'முந்தை' என்பது 'முத்தை' என வலிக்கும். 'தட்டை' என்பது 'தண்டை' என மெலியும். ஓசையின் தேவைக்கேற்பச் சொல்லை இறுக்கவும் தளர்த்தவும் புலவனுக்கு உரிமை இருந்தது.

உயிர்களின் பக்கத்தில் இதற்குத் துணையாய் நிற்பது குற்றியலுகரம். 'பசு' என்பதிலும் 'காசு' என்பதிலும் உள்ள உகரங்கள் ஏட்டில் ஒன்றே. முன்னதில் இதழ் குவிகின்றது. பின்னதில் குவிய மறுத்துத் தளர்ந்துவிடுகின்றது. முன்னதற்கு மாத்திரை ஒன்று, பின்னதற்கு அரை. 'பசு' என்பதோடு 'இல்லை' என்பதைச் சேர்த்தால் 'பசுவில்லை' என உகரம் நிலைக்கும். 'காசு' என்பதோடு சேர்த்தால் 'காசில்லை' என உகரம் ஓடிப்போகும். (மாதக் கடைசியில் இவ்வெடுத்துக்காட்டை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.) மலையாளத்தார் இவ்வுகரத்துக்கெனச் சந்திரக்கலை என்னும் பிறைக்குறியை இடுகின்றனர். நாம் குறியை விட்டோம், ஒலியை வைத்துக்கொண்டோம். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு இலக்கணத்தார் இட்ட வாய்பாடுகள் நாள், மலர், காசு, பிறப்பு என நான்கு. அவற்றுள் பின்னிரண்டும் குற்றியலுகரத்தில் முடிவன. இறுகக் கட்டிய யாப்பு எனப் பெயர்பெற்ற வெண்பா, தன் கடைசி அசைவில் இதழைத் தளர்த்தி ஓயவும் இடம் வைத்திருக்கின்றது. எழுத்தெண்ணிகளின் கணக்கில் இது எந்தப் பத்தியில் ஏறும்?

எல்லாவற்றினும் உறுதியான சான்று திருப்புகழில் உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரைச் சந்தக்கடல் என்று புகழ்வோம். அச்சந்தம் எதனை அளக்கின்றது என்று கேட்பதில்லை. பாடலின் தலையில் 'தத்த', 'தந்த', 'தன்ன', 'தய்ய', 'தனன' என்றெல்லாம் குழிப்பு அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்னும் நூலில் இவற்றுக்கு இலக்கணமே வகுத்தார். 'முத்து' என்பது 'தத்த' என்னும் அச்சில் அமையும். 'சங்கு' என்பது 'தந்த' என்பதில் அமையும். 'தத்த' என்பதில் அமையாது. 'கண்ணன்' என்பதன் முன்பகுதிக்கு 'தன்ன'. 'வள்ளி' என்பதற்கு 'தய்ய'. ஆக, வன்மை, மென்மை, இடைமை ஆகிய மூன்றும் ஒற்றுச் சேர்ந்த இடத்தில் வேறு வேறாகக் கணிக்கப்படுகின்றன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தால் சந்தம் கெடும்.

ஒற்றுச் சேராத இடத்திலோ? 'முருக' என்பதற்கும் 'தனன'. 'குமர' என்பதற்கும் 'தனன'. 'வடிவ' என்பதற்கும் அதுவே. முருகனின் ககரத்துக்கும் குமரனின் மகரத்துக்கும் சந்தத்தின் செவியில் வேறுபாடு இல்லை. உயிர்களின் நடுவே தனித்து நின்ற வல்லெழுத்து, மெல்லெழுத்தோடும் இடையெழுத்தோடும் ஒரே வரிசையில் அமர்கின்றது. தமிழ் ஓசையை இவர்போல் நுணுகி அளந்தவர் வேறு யார்? அவர் எழுத்தை எண்ணவில்லை; எழுத்து நிற்கும் இடத்தை எண்ணினார். இதனை யாம் கண்டறிந்ததாக உரிமை கொண்டாடவில்லை. திருப்புகழ் அன்பர்கள் வாரந்தோறும் தாளமிட்டுப் பாடும்பொழுது இதனையே செய்கின்றனர். மேடைத் திறனாய்வு மட்டுமே இதனைக் காணாமல் போயிற்று.

செய்யுளியலில் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம், இயைபு வண்ணம் எனத் தொல்காப்பியரே வகுத்துவிட்டாரே என்று கேட்கலாம். வகுத்தார்; ஆனால் அவை இருபது வண்ணங்களுள் மூன்றே. நெட்டெழுத்தால், குற்றெழுத்தால், அளபெடையால், ஆய்தத்தால், நடையால் அமைவன என எஞ்சிய பல உள. மேலும், வண்ணம் என்பது ஓசை வேறுபாடு. அதனைப் பொருளோடு முடிச்சுப் போட்டு, 'வல்லிசை என்றால் வீரம்' என்பது நாம் இட்ட முடிச்சு. அணி நூலாகிய தண்டியலங்காரம் குணங்கள் பத்தனுள் முதலாவதாகச் 'செறிவு' என்பதை வைத்து, நெகிழிசை இல்லாமையே செறிவு என்றது. இறுக்கம், நெகிழ்வு என்னும் இணைக்குத் தமிழிலேயே எவ்வளவு அழகான பெயர்கள்! ஆயின் அதன் வடமொழி மூலம், சிற்றுயிர்ப்பு எழுத்துகள் மிகுவதே நெகிழ்ச்சிக்குக் காரணம் என்றது. தமிழில் பேருயிர்ப்பு எழுத்தே இல்லை. அக்காரணத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் தமிழ்ப்பாட்டு முழுவதும் நெகிழ்ச்சியாகவே முடியும். பெயரைக் கொள்ளலாம், அளவுகோலை நம் காதில்தான் தேட வேண்டும்.

எழுத்தே உணர்ச்சியைத் தீர்மானிக்கும் என்பார்க்கு ஒரு சிறு சோதனை. 'வன்மை', 'வலிமை', 'வெம்மை', 'வீரம்' ஆகிய சொற்களில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. 'காதல்', 'பாசம்', 'தாய்', 'தங்கை', 'குழந்தை', 'தாலாட்டு' ஆகிய சொற்களில் வல்லினம் இல்லாதது ஒன்றுகூட இல்லை.

எம் பழைய கணக்குக்குத் திரும்புவோம். அக்குறளின் 23 வல்லெழுத்துகளில் 'கசடற' என்பதன் ச, ட, ற மூன்றும், 'அதற்கு' என்பதன் தகரமும், 'தக' என்னும் ஈற்றுச்சீரின் ககரமும் உயிர்களின் நடுவே நிற்பவை, இவ்வைந்தும் நெகிழ்வன. சொல்லின் எல்லையில் நிற்கும் ஓரிரண்டைப் பற்றியும், ககரத்தின் முன் வரும் றகர ஒற்றைப் பற்றியும் வாதிக்க இடமுண்டு, அதனை விடுவோம். 23 என்பது 18 ஆகக் குறைந்தது பெரிதன்று. குறள் இப்பொழுதும் வலிய குறளே. அவ்வைந்தும் எங்கே விழுந்தன என்பதே நோக்கத்தக்கது. அடைத்தும் வெடித்தும் செல்லும் ஓசையின் நடுவே, மூன்று நெகிழ்வுகள் தொடர்ந்து வருவது குற்றம் நீங்க என்று பொருள்படும் ஒரே சொல்லில். நா அங்கே தங்குதடையின்றி ஓடுகின்றது. இறுதியிலோ, கற்றபடி நடக்கச் சொல்லும் இடத்தில், முதலெழுத்து வன்மையாய் ஊன்ற, அடுத்தது தளர்ந்து ஓசை அடங்குகின்றது. பிரம்பு என்று எழுதினோம். இப்பொழுது எம் காதில் விழுவது, அழுத்திச் சொல்லிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தும் ஒருவரின் பேச்சு. இதனை வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தார் என்று யாம் சாதிக்கவில்லை. வாய்விட்டுப் படித்தால் கேட்பது இது. எண்ணிக்கையில் கேளாதது இது.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் பழைய கட்டுரை அன்று; சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று.

தலைநகரத்துத் தமிழ் அமைப்பு ஒன்று சிறுவர்க்கு நடத்திய குறள் ஒப்பித்தல் போட்டியில் நடுவர் மூவருள் ஒருவராக இருந்தோம். நம் பிள்ளைகளில் பலர் தமிழ் எழுத்து அறியார். தேவநாகரியில் எழுதிவைத்து மனப்பாடம் செய்வர் என்பது வாசகர் அறிந்ததே. ஒரு சிறுவனின் தாளில் தந்தையார் எழுத்துக்கு எழுத்து மாற்றிக் கொடுத்திருந்தார்; ககரம் வந்த இடமெல்லாம் தேவநாகரியின் முதற்ககரம், தகரம் வந்த இடமெல்லாம் முதற்தகரம். சிறுவன் அவ்வாறே ஒப்பித்தான். 'கசடற' என்பது அவன் வாயில் ஏறத்தாழ 'கச்சட்டற' ஆயிற்று. 'அதற்கு' என்பதன் ஈற்றில் இதழ் நன்றாகக் குவிந்து நின்றது. ஒரு சிறுமியின் தாளோ பாட்டியார் சொல்லச் சொல்லத் தாயார் எழுதியது. பாட்டியின் வாயில் ஒலித்தது எதுவோ அதுவே தாளில் இருந்தது: ஒரு ககரத்துக்கு நாகரியின் முதலெழுத்து, இன்னொன்றுக்கு மூன்றாமெழுத்து, சில உகரங்களின் மேல் மட்டும் சிறிய புள்ளி. குற்றியலுகரமும் புள்ளி பெறும் எனப் பழைய உரையில் உள்ள செய்தியை அவ்வம்மையார் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சிறுமி ஒப்பித்தபோது, கண்ணை மூடிக் கேட்டால் பொருநைக் கரையில் பிறந்து வளர்ந்த பெண் என்றே தோன்றியது.

தாள்களைப் பார்வையிட்ட தலைமை நடுவர் சிறுமியின் தாளைத் தள்ளிவைத்தார். "தமிழில் ககரம் ஒன்றே. இதில் இரண்டு இருக்கின்றது. இதனை அனுமதித்தால் நாளை நான்கும் வேண்டும் என்பார்கள்" என்றார். அவர் அச்சம் வீண் அச்சம் என்று யாம் கூறமாட்டோம். வடபுலத்தில் வாழும் தமிழர் எவரும், 'உங்கள் மொழியில் எழுத்துப் போதாதாமே?' என்னும் கேள்வியை ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்பர். எம் அலுவலகத்தில், 'கீதா' என்னும் பெயரை ஆங்கிலத்தில் நம் வழக்கப்படி எழுதிய ஒரே குற்றத்துக்காக, அவ்வம்மையாரைப் பேருயிர்ப்புத் தகரம் இட்டு அழைப்பவர்கள் இன்றும் உளர். கடன்சொற்களில் நமக்கு இடர்ப்பாடு உண்டு என்பதும் மெய்யே. தீவினையைக் குறிக்கும் 'பாவம்', நடனத்தில் முகக்குறிப்பைக் குறிக்கும் 'பாவம்' இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு விழிக்கின்றோம். ஆனால் அதற்கு விடை எல்லா வல்லினத்தையும் ஒரே வன்மையில் ஒலிப்பது அன்று. ஓரெழுத்து பல ஒலி என்பது தமிழின் குறை எனக் கூசி, ஓரெழுத்து ஓரொலி என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால், எழுத்தைக் காப்பாற்றித் தமிழைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

இதனை அன்று மேசையருகே கூறினோம். இருவர் ஒருபுறம், யாம் ஒருபுறம். முதற்பரிசு சிறுவனுக்கு, சிறுமிக்கு ஆறுதல் பரிசு. சிறுவன்மேல் எமக்கு மனவருத்தம் இல்லை. கொடுத்ததை அவன் பிழையின்றி ஒப்பித்தான்.

கூட்டம் கலைந்தபின் பாட்டியார் எம்மிடம் வந்தார்.

"நான் சொல்லிக்கொடுத்ததில் தப்பு இருந்ததா, தம்பி?"

"இல்லை அம்மா. ஒன்றுகூட இல்லை."

"எழுத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. எனக்கு எங்கள் அப்பா சொல்லக் கேட்டதுதான்" என்றார். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

இவ்வாண்டுப் போட்டிக்கும் எம்மையே நடுவராக இருக்குமாறு அவ்வமைப்பின் செயலாளர் கேட்டிருக்கின்றார். மதிப்பெண் படிவத்தில் 'எழுத்துப் பிழையின்மை' என்னும் தலைப்பின்கீழ் உள்ள பத்து மதிப்பெண்ணை 'ஒலிப்பு' என்று மாற்றினால் வருகின்றோம் எனவும், தாள்களை நடுவர்க்குக் காட்ட வேண்டுவதில்லை எனவும் எழுதிக் கொடுத்துள்ளோம். விடை இன்னும் வரவில்லை.